அளவான வளங்களுடன் வாழ்வதைக் காட்டும், தன் மின்சாரத்தைத் தானே தயாரிக்கும் பார்வையாளர் மையம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆற்றல், நீர், உணவு, மண் ஆகிய அனைத்தும் அளவோடுதான் கிடைக்கும் என்ற உண்மையை மக்களுக்குக் காட்டவும், தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தன் வளாகத்திலேயே உற்பத்தி செய்துகொள்ளவும் எண்ணும் ஒரு பார்வையாளர் மையத்தை எவ்வாறு வடிவமைப்பது? கட்டடக் கலைஞர்கள், பொறியாளர்கள், காட்சி வடிவமைப்பாளர்கள், நிதி வழங்குவோர் ஆகியோர் இது தொடர்பாகத் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

வழக்கமான அறிவியல் அருங்காட்சியகத்திலிருந்து இது எங்கே வேறுபடுகிறது?

அறிவியல் அருங்காட்சியகத்தில் கட்டடம் ஒன்று, அதற்குள் வைக்கப்படும் காட்சிப்பொருள் வேறொன்று. மின்சாரம் எங்கிருந்து வருகிறது, கழிவுநீர் எங்கே போகிறது என்று அங்கே யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய தேவையும் எழுவதில்லை. சிக்கனத்தைப் பற்றிப் பேசும் மையத்தில் அந்தக் கேள்விதான் முதலில் எழும். ஆற்றலைச் சேமியுங்கள் என்று சுவரில் எழுதிவிட்டு, அந்த எழுத்தின்மேல் நாள் முழுவதும் பத்து விளக்குகளை எரியவிட்டால், பத்து வயதுக் குழந்தைகூட அந்த முரண்பாட்டைக் கண்டுபிடித்துவிடும். எனவே இங்கே கட்டடமே முதன்மையான காட்சிப்பொருள். அது தன் வரவுக்குள் வாழ வேண்டும், அப்படி வாழ்வது பார்வையாளரின் கண்ணுக்குத் தெரியவும் வேண்டும். இந்தப் பக்கத்தில் உள்ள மற்ற விடைகள் அனைத்தும் இந்த நிலைப்பாட்டிலிருந்தே வருகின்றன.

வடிவமைப்பை எங்கிருந்து தொடங்க வேண்டும்?

வரவு செலவுத் திட்டத்திலிருந்து தொடங்க வேண்டும். இங்கே குறிப்பிடுவது பணத்தின் வரவு செலவை அன்று. ஆற்றலின், நீரின் வரவு செலவை. நிலத்தின் மீது ஓராண்டில் எவ்வளவு வெயில் விழுகிறது, எவ்வளவு மழை பெய்கிறது, காற்றின் சராசரி வேகம் என்ன, நிலத்தடியில் வெப்பம் உண்டா என்பவற்றை முதலில் அளந்து, அவற்றிலிருந்து நியாயமாக எடுக்கக்கூடிய அளவை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அந்த எல்லைக்குள் எத்தனை சதுர மீட்டர் கட்டடத்தையும் எத்தனை பார்வையாளர்களையும் தாங்க முடியும் என்று பின்னோக்கிக் கணக்கிடுவதே சரியான வழி. நடைமுறையில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகவே நடக்கிறது. கண்கவர் வடிவம் ஒன்று முதலில் வரையப்படுகிறது. அதற்குத் தேவையான குளிரூட்டலும் ஒளியும் பிறகு கணக்கிடப்படுகின்றன. இறுதியில் எஞ்சிய இடத்தில் சோலார் பேனல்கள் பொருத்தப்படுகின்றன. அந்த வழியில் போனவர்கள் தங்கள் தேவையின் ஒரு சிறு பகுதியையே உற்பத்தி செய்ய முடியும் என்பதைக் கட்டி முடித்த பிறகே அறிகிறார்கள்.

எவ்வளவு மின்சாரம் தேவை, அதற்கு எவ்வளவு இடம் தேவை என்பதை எப்படிக் கணக்கிடுவது?

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். 3,000 சதுர மீட்டர் பரப்புள்ள மையம் ஒன்று, சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 250 யூனிட் மின்சாரம் செலவழிப்பதாகக் கொள்வோம். மொத்தத் தேவை 7,50,000 யூனிட். வெயில் நன்றாக அடிக்கும் இடத்தில் ஒரு கிலோவாட் திறனுள்ள சோலார் அமைப்பு ஆண்டுக்குச் சுமார் 1,400 யூனிட் தரும். இன்றைய பேனல்களில் ஒரு கிலோவாட்டுக்கு ஏறத்தாழ 5 சதுர மீட்டர் பரப்பு வேண்டும். ஆகவே 536 கிலோவாட்டும், பேனல்களுக்கு மட்டும் ஏறக்குறைய 2,700 சதுர மீட்டரும் தேவைப்படும். பராமரிப்புக்கான நடைவழி, ஒன்றன் நிழல் மற்றொன்றின்மேல் விழாமல் இருக்க விடும் இடைவெளி ஆகியவற்றைச் சேர்த்தால் இரண்டு தளக் கட்டடத்தின் கூரை இதற்குப் போதவே போதாது.

அதே கட்டடத்தைச் சிந்தித்து வடிவமைத்து, சதுர மீட்டருக்கு 100 யூனிட் என்ற அளவுக்குச் செலவைக் குறைத்தால் 3,00,000 யூனிட் போதும். அதாவது 215 கிலோவாட், சுமார் 1,100 சதுர மீட்டர் பேனல். இது கூரைக்குள் அடங்கிவிடும். வெயில் குறைந்த வட நாடுகளில் ஒரு கிலோவாட் 900 யூனிட்தான் தரும் என்று கொண்டாலும், சிக்கனமான கட்டடத்துக்கு 1,700 சதுர மீட்டருக்குள் கணக்கு முடிந்துவிடுகிறது. செலவைக் குறைப்பதுதான் உற்பத்தியைச் சாத்தியமாக்குகிறது என்பதை இந்தக் கணக்கே காட்டிவிடும். இதைக் காட்சியகத்தின் நுழைவாயிலிலேயே பார்வையாளர்கள் தாங்களே நகர்த்திப் பார்க்கும் மேசை விளையாட்டாக வைக்கலாம் என்று பரிந்துரைக்கிறோம்.

செலவைக் குறைக்க மிகவும் பயன் தரும் வழிகள் யாவை?

சுவர், கூரை, திசை, நிழல் ஆகியவை முதலில். கருவிகள் பிறகு. ஆனால் பார்வையாளர் மையத்துக்கே உரிய சில சிக்கல்களும் உண்டு. அமைதியாக அமர்ந்திருக்கும் மனித உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. ஒரு கூடத்தில் 500 பேர் திரண்டால் 50 கிலோவாட் வெப்பமூட்டி ஒன்றை அங்கே இயக்கியதற்கு ஒப்பாகும். குளிர்நாட்டில் இது வரவு. வெப்பநாட்டில் இது செலவு. கூட்டம் காலையில் ஒருமுறையும் பிற்பகலில் ஒருமுறையும் அலைபோல் வரும் என்பதால், காற்றில் கரியமில வாயுவின் அளவை அளந்து அதற்கேற்பக் காற்றோட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு கட்டாயம் வேண்டும். நுழைவாயில் ஓயாமல் திறந்து மூடப்படும் என்பதால் இரட்டைக் கதவு இடைவழியும் வேண்டும். கூடங்கள் அனைத்தையும் ஒரே வெப்பநிலையில் வைக்க வேண்டிய தேவையும் இல்லை: நடந்து கடக்கும் பகுதிகளை நிழலும் காற்றும் உள்ள திறந்த வெளியாகவே விட்டுவிடலாம். துபாயில் எக்ஸ்போ 2020 உலகக் கண்காட்சிக்காகக் கட்டப்பட்ட டெர்ரா மையத்தில் கண்காட்சிக் கூடங்களின் பெரும்பகுதி நிலத்துக்குக் கீழே அமைக்கப்பட்டிருப்பது பாலைவன வெயிலிலிருந்து அவற்றைக் காக்கத்தான்.

எந்த ஆற்றல் மூலத்தைத் தேர்ந்தெடுப்பது?

பெரும்பாலான இடங்களில் சூரிய ஒளியே விடை. டெர்ரா மையம் 130 மீட்டர் அகலமுள்ள விதானத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பேனல்களைத் தாங்கி நிற்கிறது. அதைச் சுற்றிச் சூரியனை நோக்கித் திரும்பும் 18 'ஆற்றல் மரங்கள்' உள்ளன. ஆண்டுக்கு 4 ஜிகாவாட் மணி, அதாவது 40 லட்சம் யூனிட் உற்பத்தி செய்யும்படி அது திட்டமிடப்பட்டது. பேனல்களை விதானமாகவே பயன்படுத்துவதில் இரட்டைப் பயன் உண்டு: மின்சாரமும் கிடைக்கிறது, வரிசையில் நிற்பவர்களுக்கு நிழலும் கிடைக்கிறது. வெப்பமான இடங்களில் ஒன்றை மறக்கக் கூடாது. பேனலின் வெப்பநிலை 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரி உயரும்போதும் உற்பத்தி ஏறத்தாழ 0.35 சதவீதம் குறையும்; 65 டிகிரியில் அது சுமார் 14 சதவீத இழப்பு. பேனலின் அடியில் காற்று ஓட இடம் விடுவது இதனால்தான்.

காற்றாலை ஆசையைத் தூண்டும். கட்டடக் கூரைகளில் அது பெரும்பாலும் ஏமாற்றமே தரும். காற்றிலிருந்து கிடைக்கும் ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் கிடைப்பதில் எட்டில் ஒரு பங்குதான் 3 மீட்டர் வேகத்தில் கிடைக்கும். கட்டடங்களுக்கிடையே காற்று தடுமாறி, சுழன்று வருவதால் இழப்பு மேலும் கூடுகிறது. திறந்த கடற்கரையோ மலைமுகடோ இருந்தால் மட்டும் இதை எண்ணிப் பார்க்கலாம்.

நிலத்தடி வெப்பம் கிடைக்குமானால் அது விலைமதிப்பற்றது. இங்கிலாந்தின் கார்ன்வாலில், பழைய களிமண் சுரங்கக் குழியில் 2001-இல் திறக்கப்பட்ட ஈடன் திட்டம் என்ற தாவரக் காட்சி மையம், ஏறத்தாழ 5 கிலோமீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டு, 2023 முதல் தன் கண்ணாடி வீடுகளைப் போன்ற பெருங்கூடங்களுக்குப் பூமியின் வெப்பத்தைப் பெற்றுவருகிறது. ஆனால் இது பெரும் முதலீடும் உகந்த பாறை அமைப்பும் இருந்தால் மட்டுமே கைகூடும்.

பார்வையாளர்களின் நடையிலிருந்தும் மிதிவண்டியிலிருந்தும் மின்சாரம் எடுக்க முடியாதா?

எடுக்கலாம், ஆனால் அதைக் கட்டடத்தின் மின்மூலமாக விளம்பரப்படுத்தக் கூடாது. 70 கிலோ எடையுள்ளவர் மிதிக்கும்போது தரை 7 மில்லிமீட்டர் அமிழ்ந்தால் அதிலிருந்து கிடைக்கும் ஆற்றல் 5 ஜூலுக்கும் சற்றுக் குறைவு. அவர் 3,000 அடிகளையும் அத்தகைய தரையின் மீதே வைத்தாலும் 4 வாட் மணிதான் சேரும். 9 வாட் விளக்கு ஒன்று அரை மணி நேரம்கூட அதில் எரியாது. ஒரு நாளில் 2,000 பேர் அவ்வாறு நடந்தால் 8 யூனிட். வெயில் உள்ள இடத்தில் 10 சதுர மீட்டர் பேனல் அதை ஓசையின்றிச் செய்துவிடும். அந்தத் தரையைத் தயாரிக்கச் செலவான ஆற்றலையும் கணக்கில் சேர்த்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

ஆனாலும் மிதிவண்டி ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும், உற்பத்திக்காக அன்றிப் பாடத்துக்காக. ஒரு லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 314 கிலோஜூல் வேண்டும். 1,500 வாட் மின்கெட்டில் அதை மூன்றரை நிமிடத்தில் முடித்துவிடும். நல்ல உடல்நிலையில் உள்ள ஒருவர் நீண்ட நேரம் தொடர்ந்து தரக்கூடிய திறன் 75 வாட் அளவு; இழப்பே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் அவர் 70 நிமிடம் மிதிக்க வேண்டும். எனவே கண்ணாடிக் கலம் ஒன்றில் தண்ணீரை வைத்து, அதில் வெப்பமானியைச் செருகி, ஒருவர் விட்ட இடத்திலிருந்து அடுத்தவர் தொடரும்படி மிதிவண்டியை அமைக்க வேண்டும். வெப்பமானியில் முள் நகர்வதே தெரியாமல் வியர்த்து நிற்கும் ஒருவர், வீட்டுக்குப் போய்க் கெட்டிலின் பொத்தானை அழுத்தும்போது அதை வேறு கண்ணோடு பார்ப்பார்.

'நிகர பூச்சியம்' என்று சொல்வது போதுமானதா?

ஓராண்டில் எடுத்ததும் கொடுத்ததும் சமம் என்பது பயனுள்ள அளவுகோல்தான். ஆனால் அது ஒரு பெரிய உண்மையை மறைக்கிறது. நண்பகலில் உபரியைப் பொது மின்வலைக்கு அனுப்பிவிட்டு இரவில் அதே வலையிலிருந்து எடுத்துக்கொள்ளும் கட்டடம், ஆண்டுக் கணக்கில் நேர்மையாக இருந்தாலும், இரவில் நிலக்கரியையோ எரிவாயுவையோ சார்ந்தே இருக்கக்கூடும். வரையறைகளுக்குள் வாழ்வதைச் சொல்ல வந்த மையம் ஒவ்வொரு மணிக்கும் தன் நிலையை வெளியிட வேண்டும்: இந்த மணியில் நம் தேவையில் எத்தனை விழுக்காடு நம் கூரையிலிருந்து வருகிறது? மாலை நிகழ்ச்சிகளைக் குறைப்பது, தண்ணீரைப் பகலில் மட்டும் இறைப்பது, குளிரூட்டலை நண்பகல் உபரியில் பனிக்கட்டியாகவோ குளிர்நீராகவோ சேமிப்பது ஆகியவை பேட்டரியைவிட மலிவான வழிகள். அவற்றைச் செய்து முடித்த பிறகே பேட்டரியின் அளவை முடிவு செய்ய வேண்டும்.

வரம்பைப் பார்வையாளர்கள் உண்மையிலேயே உணரும்படி செய்வது எப்படி?

இந்தப் பக்கத்தில் மிக முக்கியமான கேள்வி இதுவே என்று கருதுகிறோம்.

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் எக் என்ற சிறு தீவு உள்ளது. அதற்குப் பெருநிலத்திலிருந்து மின்கம்பி கிடையாது. 2008-ஆம் ஆண்டு முதல் நீர், காற்று, சூரியன் ஆகிய மூன்றையும் இணைத்த சொந்த மின்வலையில் அது இயங்குகிறது. அங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் உச்சவரம்பு 5 கிலோவாட். தொழில் இடங்களுக்கு 10 கிலோவாட். ஒரே நேரத்தில் அதற்கு மேல் இழுத்தால் இணைப்பு துண்டிக்கப்படும். பணம் படைத்தவர் கூடுதலாக வாங்கிக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு இல்லை. அனைவருக்கும் ஒரே வரம்பு. சலவை இயந்திரமும் கெட்டிலும் அடுப்பும் ஒரே நேரத்தில் ஓட வேண்டுமா, ஒன்றன்பின் ஒன்றாக ஓடினால் ஆகாதா என்று யோசிப்பது அங்குள்ளவர்களுக்கு அன்றாடப் பழக்கம்.

இந்த அனுபவத்தை ஒரு காட்சியகத்துக்குள் கொண்டுவர முடியும். நான்கைந்து பேர் ஒரு வீட்டு அறைக்குள் நுழைகிறார்கள். சுவரில் பெரிய மின்மானி ஒன்று இருக்கிறது. சமைக்க வேண்டும், துணி துவைக்க வேண்டும், அறையைச் சூடாக்கவோ குளிர்விக்கவோ வேண்டும், குழந்தை படிக்க விளக்கு வேண்டும். வரம்பைத் தாண்டினால் உண்மையிலேயே இருட்டாகிவிட வேண்டும். அப்போது அவர்கள் ஒருவரோடொருவர் பேசத் தொடங்குவார்கள், முதலில் குற்றஞ்சாட்டிக்கொள்வார்கள், பிறகு முறை வைத்துக்கொள்வார்கள். அந்தப் பேச்சுதான் காட்சிப்பொருள். திரையில் ஓடும் எந்தக் காணொளியும் அதற்கு ஈடாகாது.

இதைவிடத் துணிவான படி, வரம்பைக் கட்டடத்தின்மீதே செயல்படவிடுவது. மேகமூட்டமான வாரத்தில் சில காட்சிகள் அணைந்திருக்கட்டும். மின்தூக்கி தேவைப்படுவோருக்கு மட்டும் இயங்கட்டும். மழை பொய்த்த ஆண்டில் நீர்க்காட்சி வறண்டே இருக்கட்டும். அதற்கான காரணம் அங்கேயே எழுதப்பட்டிருக்கட்டும். நிர்வாகிகள் இதற்கு அஞ்சுவார்கள், நுழைவுக் கட்டணம் கொடுத்தவர் குறைகூறுவாரே என்று. முன்கூட்டியே சொல்லிவிட்டால் குறைகூறல் குறையும் என்பதோடு, இன்று என்ன இயங்குகிறது என்பதை அறிவதே வருகையின் ஒரு பகுதியாகிவிடும். பாதுகாப்பு விளக்குகள், அவசர வழிகள், சக்கர நாற்காலியில் வருவோருக்கான வசதிகள், குடிநீர், கழிப்பறை ஆகியவை மட்டும் எந்த நிலையிலும் இந்தக் கட்டுப்பாட்டுக்குள் வரக் கூடாது.

முற்றிலும் மூடிய, தன்னிறைவான உலகம் ஒன்றை உருவாக்கிக் காட்டலாமா?

அரிசோனாவில் உள்ள பயோஸ்பியர் 2 அதைத்தான் முயன்றது. 1.27 ஹெக்டேர் பரப்புள்ள கண்ணாடிக் கூடத்துக்குள் 1991 செப்டம்பர் 26 அன்று எட்டுப் பேர் நுழைந்து இரண்டு ஆண்டுகள் இருந்தார்கள். ஏறத்தாழ 16 மாதங்களில் உள்ளே இருந்த ஆக்சிஜன் 20.9 சதவீதத்திலிருந்து 14 சதவீதம் அளவுக்குச் சரிந்தது. 1993 ஜனவரியில் வெளியிலிருந்து ஆக்சிஜன் செலுத்த வேண்டியதாயிற்று. காரணம், பயிர் செழிக்க வேண்டும் என்று இடப்பட்ட வளமான மண்ணில் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனை உண்டு கரியமில வாயுவை வெளியிட்டன. அந்த வாயுவின் பெரும்பகுதியைக் கட்டடத்தின் சிமென்ட் காங்கிரீட் உறிஞ்சிக்கொண்டதால், செடிகளால் அதை மீண்டும் ஆக்சிஜனாக மாற்ற முடியவில்லை. சுவர் என்று எண்ணியது சுவாசத்தில் பங்கேற்றுவிட்டது.

இதில் நம் தலைப்புக்கு இரண்டு செய்திகள் உள்ளன. ஒன்று, காற்றும் நீரும் அடைக்கப்பட்டிருந்த அந்த உலகத்துக்கு மின்சாரம் அடைக்கப்பட்டதாக இல்லை. குளிரூட்டலுக்கும் குழாய் இயக்கத்துக்கும் வேண்டிய ஆற்றல் வெளியில் இயற்கை எரிவாயுவை எரித்துப் பெறப்பட்டது. இரண்டு, எதிர்பாராத குறைபாடு வந்தபோதுதான் அது மிகுந்த அறிவைத் தந்தது. இன்று அரிசோனா பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் ஆய்வுக்கூடமாகவும் பார்வையாளர் இடமாகவும் அது இயங்குகிறது. முழு மூடல் என்பது அரிதான, செலவு மிக்க முயற்சி. பெரும்பாலான மையங்களுக்கு அது தேவையில்லை. ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் மண், செடி, நீர் ஆகியவற்றை மூடிவைத்து, ஆக்சிஜன் அளவை நாள்தோறும் கரும்பலகையில் எழுதிவந்தாலே பேச வேண்டிய பெரும்பகுதியைப் பேசிவிடலாம்.

தண்ணீருக்கு என்ன செய்வது?

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 2,000 சதுர மீட்டர் கூரையும் ஆண்டுக்கு 800 மில்லிமீட்டர் மழையும் இருந்து, அதில் 80 சதவீதத்தைச் சேமித்தால் 12.8 லட்சம் லிட்டர் கிடைக்கும். ஆண்டுக்கு ஒரு லட்சம் பேர் வந்தால் ஆளுக்கு ஏறத்தாழ 13 லிட்டர். கழிப்பறையில் ஒருமுறை நீர் விடுவதற்கே 6 லிட்டர் ஆகலாம் என்பதால், இது கையிறுக்கமான கணக்கு. ஆனால் கைகழுவிய நீரைச் சுத்திகரித்துக் கழிப்பறைக்குத் திருப்பினால் கணக்கு நேராகிவிடும். மழை சில மாதங்களில் மட்டும் பெய்யும் இடங்களில் தொட்டியின் அளவுதான் தீர்மானிக்கும் காரணி. அந்தத் தொட்டியை நிலத்தடியில் புதைக்காமல், நீர்மட்டம் ஏறி இறங்குவது தெரியும்படி கூடத்தின் நடுவில் நிறுத்தலாம்.

சர்வதேச விண்வெளி நிலையத்தில் நீரில் 98 சதவீதத்தை மீட்டெடுக்கும் இலக்கு 2023-இல் எட்டப்பட்டது. வியர்வையும் சிறுநீரும் மறுபடி குடிநீராவதைப் பார்வையாளர்கள் முகம் சுளித்தபடியே கேட்பார்கள். அந்தச் சுளிப்பையும் மீறி ஆர்வம் வரும். நீர் பற்றிய கூடத்துக்கு நல்ல தொடக்கம் அது.

உணவகம் வைக்கலாமா?

வைக்காவிட்டால் மையம் பொருளாதார ரீதியில் நிற்பது கடினம். ஆனால் சமையலறைதான் சதுர மீட்டருக்கு மிக அதிகமாக ஆற்றலை விழுங்கும் இடம். ஆவி உறிஞ்சும் மின்விசிறிகளும் குளிர்பதனப் பெட்டிகளும் நாள் முழுவதும் ஓடும். உணவுப் பட்டியலைச் சுருக்குவது, பருவத்தில் விளைவதைச் சமைப்பது, பெரும்பகுதியைச் சூரியன் உச்சியில் இருக்கும்போதே சமைத்து முடிப்பது ஆகிய மூன்றும் போதுமான தொடக்கம்.

கட்டுமானப் பொருள்களைப் பற்றி என்ன முடிவெடுப்பது?

உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறத்தாழ 8 சதவீதம் சிமென்ட் உற்பத்தியிலிருந்து வருகிறது. கட்டி முடித்த அன்றே பெருங்கடனோடு தொடங்கும் கட்டடம், கூரைப் பேனல்கள் மூலம் அதைத் தீர்க்கப் பல ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும். ஆகவே முதல் கேள்வி, புதிதாகக் கட்டத்தான் வேண்டுமா என்பது. கைவிடப்பட்ட ஆலை, சுரங்கம், கிடங்கு ஆகியவற்றில் ஒன்று கிடைத்தால் அதைத் திருத்தி அமைப்பதே மேல். புதிதாகக் கட்டும் இடத்தில் எடை குறைந்த பொருள்களைத் தேட வேண்டும்: ஈடன் திட்டத்தின் கூடங்களைப் போர்த்தியிருக்கும் ஈ.டி.எஃப்.ஈ என்ற நெகிழித் தாளின் எடை, அதே பரப்புள்ள கண்ணாடியின் எடையில் மிகச் சிறு பகுதியே. அதனால் தாங்கும் எஃகுச் சட்டமும் இலேசாகிறது.

இயந்திரங்களைக் காட்ட வேண்டுமா, மறைக்க வேண்டுமா?

காட்ட வேண்டும், புரியும்படி காட்ட வேண்டும். வேல்ஸில் மக்கின்லெத் அருகே கைவிடப்பட்ட பலகைக்கல் சுரங்கத்தில் 1973-இல் தொடங்கிய மாற்றுத் தொழில்நுட்ப மையம் இதற்குச் சிறந்த முன்மாதிரியை விட்டுச் சென்றிருக்கிறது. அங்கே 1992 முதல் இயங்கிய மலைச்சரிவு ரயிலில் இரண்டு பெட்டிகள் ஒரே கம்பி வடத்தின் இரு முனைகளில் இணைக்கப்பட்டிருந்தன. மேலே நிற்கும் பெட்டியின் தொட்டியில் நீரை நிரப்புவார்கள். எடை கூடிய பெட்டி இறங்கும், கீழே உள்ளது ஏறும். கீழே வந்ததும் நீர் வெளியேற்றப்படும். ஏற்றத்துக்கு எத்தனை பேர் என்பதைப் பொறுத்து எவ்வளவு நீர் என்று முடிவாகும். பயணிகள் நீர் விழும் ஓசையைக் கேட்டு, வடம் இறுகுவதைப் பார்த்து, பெட்டி நகர்வதை உடலால் உணர்ந்தார்கள். விளக்கப் பலகை எதுவும் தேவைப்படவில்லை. இங்கிலாந்தின் லின்டன், லின்மத் ஊர்களை இணைக்கும் ரயில் இதே முறையில் 1890 முதல் ஓடுகிறது.

கோபன்ஹேகனில் குப்பையை எரித்து மின்சாரமும் வெப்பமும் தயாரிக்கும் ஆலையின் கூரையில் பனிச்சறுக்குத் தளம் ஒன்று 2019-இல் திறக்கப்பட்டது. மக்களை ஆலையின்மீதே ஏற்றியது பாராட்டத்தக்கது. இருப்பினும், தொடர்ந்து எரிய வேண்டிய உலைக்குத் தொடர்ந்து குப்பை வேண்டும் என்பதால், குறைவாக வாழ்வதைப் பேசும் மையத்துக்கு அது ஏற்ற ஆற்றல் மூலமாக எங்களுக்குத் தோன்றவில்லை.

பார்வையாளர்கள் வந்து போகும் பயணத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டுமா?

கட்டாயம் சேர்க்க வேண்டும்; பெரும்பாலும் இதுவே எல்லாவற்றையும்விடப் பெரிய எண்ணாக இருக்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு வெளிவரும். மூன்று பேர் ஒரு காரில் போகவர 100 கிலோமீட்டர் பயணித்து, லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கிடைத்தால், ஆளுக்கு 5 கிலோ. ஒரு லட்சம் பேருக்கு 500 டன். மேலே கண்ட சிக்கனமான கட்டடம் தன் 3,00,000 யூனிட்டையும் யூனிட்டுக்கு அரை கிலோ வெளியேற்றும் மின்வலையிலிருந்து வாங்கியிருந்தால்கூட 150 டன்தான் ஆகியிருக்கும். அதாவது கூரையில் பேனல் பொருத்திச் சேமித்ததைவிட மூன்று மடங்குக்கும் மேல் வாகன நிறுத்துமிடத்தில் செலவாகிறது. எனவே இடத் தேர்வுதான் மிகப் பெரிய ஆற்றல் முடிவு. ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தொலைவில் நிலம் கிடைத்தால், அது சற்றுச் சிறியதாக இருந்தாலும் அதையே எடுக்க வேண்டும். பொதுப் போக்குவரத்தில் வருவோருக்குக் கட்டணச் சலுகை தருவதும் பயன் தரும்.

மக்களுக்குக் குற்றவுணர்வோ அச்சமோ ஏற்படாமல் இதைச் சொல்ல முடியுமா?

முடியும், ஆனால் யாரிடம் பேசுகிறோம் என்பதை மறவாமல் இருக்க வேண்டும். வருவோரில் சிலர் தேவைக்கு மேல் செலவழிப்பவர்கள். வேறு சிலர் பற்றாக்குறையிலேயே வளர்ந்தவர்கள். பின்னவரிடம் சிக்கனத்தைப் போதிப்பது அவமதிப்பு. அவர்களுக்குத் தெரிந்ததைக் காட்சியாக்கி, அவர்களையே சொல்லவிடுவது மரியாதை. சூரிச்சில் உள்ள இ.டி.எச் பல்கலைக்கழகத்தில் 1998-இல் உருவான '2000 வாட் சமூகம்' என்ற கருத்து இங்கே உதவும். ஒருவர் தொடர்ந்து பயன்படுத்தும் சராசரி ஆற்றல் 2,000 வாட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது அதன் இலக்கு. வசதியான நாடுகள் அந்த எல்லைக்கு இறங்க வேண்டும். மிகக் குறைவாகப் பெறுவோர் அதை நோக்கி ஏறவும் இடம் உண்டு. வரம்பு என்பது சிலருக்குத் தடையாகவும் சிலருக்கு உரிமையாகவும் இருப்பதை ஒரே எண்ணால் காட்டிவிட முடிகிறது.

உபரியாகும் மின்சாரத்தை என்ன செய்வது?

அண்டை அயலாருக்குப் பயன்படும்படி செய்ய வேண்டும். எக் தீவில் உபரி மின்சாரம் சமுதாயக் கூடம் போன்ற பொது இடங்களைச் சூடாக்கப் பயன்படுகிறது. 1997-இல் டென்மார்க்கின் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் தீவாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட சாம்சோவில், காற்றாலைகளில் உள்ளூர் மக்களே பங்குதாரர்களாக இருப்பது அத்திட்டத்தின் வெற்றிக்கு முக்கியக் காரணம். சுற்றியுள்ள மக்களுக்குப் பங்கு இல்லாத மையம் சுற்றுலாப் பயணிகளுக்கானதாகவே நின்றுவிடும்.

நல்ல நோக்கத்தோடு தொடங்கிய மையங்கள் ஏன் மூடப்படுகின்றன?

பெரும்பாலும் ஆற்றல் கணக்கால் அன்று, பணக் கணக்கால்தான். இங்கிலாந்தின் டான்காஸ்டர் அருகே, பழைய நிலக்கரிச் சுரங்க நிலத்தில் எர்த் சென்டர் என்ற பெரிய மையம் 1999-இல் திறக்கப்பட்டது. எதிர்பார்த்த அளவுக்கு மக்கள் வராததால் 2004-இல் மூடப்பட்டது. அரை நூற்றாண்டு நின்ற வேல்ஸ் மையமும் 2023-இல் அன்றாடப் பார்வையாளர்களுக்குக் கதவை மூடி, கல்விப் பணியைத் தொடர்கிறது. வருகை எண்ணிக்கையைப் பெருக்கிக் கணித்து, அந்தக் கணிப்பின்மீது கடன் வாங்கிக் கட்டுவதே ஆபத்து. சிறியதாகத் தொடங்கி, வரவுக்கேற்ப ஒவ்வொரு கூடமாகச் சேர்ப்பது பாதுகாப்பான வழி. அது மையம் சொல்ல வந்த கருத்துக்கும் இசைவானது.

உறுதியளித்ததைச் செய்கிறோம் என்பதை எப்படி நிறுவுவது?

வரைபடத்தில் உள்ள எண்ணை வைத்துப் பேசாமல், அளந்த எண்ணை வைத்துப் பேச வேண்டும். 2006-இல் தொடங்கிய லிவிங் பில்டிங் சேலஞ்ச் என்ற சான்றிதழ் முறை, கட்டடம் பயன்பாட்டுக்கு வந்து பன்னிரண்டு மாதங்கள் இயங்கிய பிறகே தீர்ப்பு வழங்குகிறது. முழுச் சான்றுக்குத் தேவையைவிடக் கூடுதலாக, அதாவது 105 சதவீதம், வளாகத்திலேயே உற்பத்தியாக வேண்டும். சான்றிதழ் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் இந்த ஒழுக்கத்தைக் கைக்கொள்ளலாம். உணவகம், விளக்கு, குளிரூட்டல், காட்சிகள் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மின்மானி பொருத்தி, மோசமான மாதங்களின் எண்களையும் சேர்த்து வெளியிட வேண்டும்.

எத்தனை ஆண்டுகளுக்குத் திட்டமிட வேண்டும்?

சோலார் பேனல்கள் 25 முதல் 30 ஆண்டுகள் உழைக்கும். இன்வெர்ட்டரை 10 முதல் 15 ஆண்டுகளுக்குள் மாற்ற வேண்டிவரும். பேட்டரியும் ஏறத்தாழ அதே காலத்தில் திறன் குன்றும். காட்சிகளுக்கு உள்ள மின்னணுக் கருவிகள் அதைவிட விரைவில் பழுதாகும் என்பதால், உள்ளூரில் கிடைக்கும் உதிரிபாகங்களைக் கொண்டு பழுதுபார்க்கக்கூடிய எளிய இயங்கமைப்புகளையே தேர்ந்தெடுக்க வேண்டும். பழுதுபார்க்கும் பட்டறையைக் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் பார்வையாளர் பாதையிலேயே அமைத்து, அங்கே பணிபுரிவோருக்கான நிரந்தர ஊதியத்தைத் தொடக்க ஆண்டின் நிதித் திட்டத்திலேயே ஒதுக்கிவிட வேண்டும்.